ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் நழுவுகிறது, டரட் போதவில்லை, குறுக்குக்கோடு சாய்வு: வீட்டிலேயே சரியாகப் பொருத்துவது எப்படி?

பதிவு 1 | கோவை_177

வணக்கம்ங்க. குழலை மடக்கி ஏத்துற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், .177 (4.5 மி.மீ. குழல்). 8.4 கிரெயின் (அரை கிராமுக்குச் சற்று மேல) பெல்லட், வேகம் விநாடிக்குச் சுமார் 230 மீட்டர். மேல 11 மி.மீ. டவ்டெயில் (ஓரம் சரிவா வெட்டின) ரெயில். ஸ்கோப் 4-12×40, ஒரு இன்ச் குழாய், முன் லென்ஸ்ல பேரலாக்ஸ் வளையம் (தூரத்துக்கு ஏத்தபடி சரிபண்றது), கால் எம்.ஓ.ஏ. கிளிக் (எம்.ஓ.ஏ.ன்னா ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு). ஸ்கோப்பை ரெயில்ல பிடிக்க ரெண்டு தனித்தனி ரிங்.

இப்ப நிலைமை இதுதாங்க:

40, 50 பெல்லட் போனதும் ஸ்கோப் ரிங்கோட சேர்ந்து பின்னாடி வந்துருது. ரெயில்ல 2 மி.மீ. நீளத்துக்குக் கீறல் தெரியுது.

மேல் டரட்டை (குறியை ஏத்தி இறக்குற திருகு) கடைசி வரைக்கும் ஏத்தியாச்சு. அப்பவும் 20 மீட்டர்ல 3.5 செ.மீ. கீழதான் விழுது.

குறுக்குக்கோடு இடது பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. நிமிர்த்தி வெச்சு ஸ்க்ரூ முறுக்கினா மறுபடியும் சாயுது.

கையில இருக்கறது அலன் கீ செட், சின்ன ரசமட்டம், பெஞ்ச் வைஸ். இன்னும் என்னென்ன வாங்கணும், எந்த வரிசையில செய்யணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதிவு 2 | தூக்குக்குண்டு

மூன்றும் தனித்தனிக் கோளாறு. ஒன்றைச் சரிசெய்யாமல் அடுத்ததைத் தொட்டால் வேலை இரட்டிப்பாகும். முதலில் நழுவலை நிறுத்துங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வரும். பிஸ்டன் சிலிண்டர் முனைக்குப் போய்ச் சட்டென்று நிற்கும்போது ரைஃபிள் முன்னால் இழுபடும். இந்த இரண்டாவது உதைதான் கொடியது. ரைஃபிள் முன்னால் துள்ள, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதனால்தான் ரெயிலின் மேல் பின்னோக்கி வருகிறது. கனமான ஸ்கோப் என்றால் இன்னும் மோசம். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் உராய்வு மட்டும் இதைத் தாங்காது. முட்டுக்கொடுக்க ஒரு பொருள் வேண்டும்.

ரெயிலின் பின்பகுதியில் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடியில் நிறுத்து ஊசி வைத்த மவுண்ட் (ரிங்குகளோடு ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) வாங்குங்கள். ஊசி துளைக்குள் இறங்கி, துளையின் பின்சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிடிப்பு ஸ்க்ரூவை இறுக்கும் முன் மவுண்டைப் பின்னால் தள்ளி அந்த முட்டலைக் கையால் உணருங்கள். ஊசி அளவுக்கு மேல் நீண்டிருந்தால் துளையின் அடியில் தட்டி, மவுண்டையே ரெயிலிலிருந்து தூக்கிவிடும். அப்போது ஸ்க்ரூ இறுகியது போலத் தெரியும், பிடிப்பு மட்டும் இருக்காது.

துளை இல்லையென்றால் பின் ரிங்குக்குப் பின்னால் தனி நிறுத்துக்கட்டை ஒன்றை ரெயிலில் பிடித்துவைக்கலாம். துளையை நீங்களே போட நினைக்காதீர்கள். அந்த உலோகத்துக்கு அடியில்தான் பிஸ்டன் ஓடுகிறது.

இரண்டு தனி ரிங்கைவிட ஒற்றைத் துண்டு மவுண்ட் உங்களுக்கு நல்லது. ரெயிலைப் பிடிக்கும் நீளம் அதிகம், இரண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்.

ரெயிலையும் மவுண்டின் கவ்வும் முகத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால், துணியில் கறை ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் நல்ல மவுண்டும் வழுக்கும். துருவுக்குப் பயந்து எண்ணெய் தடவுவது மற்ற இடங்களுக்கு. கவ்வுகிற இடத்துக்கு வேண்டாம்.

பதிவு 3 | டொராண்டோ_308

ஒரு விசயத்தை இதிலையே சொல்லிவிடுறன், வேறை ஆக்கள் வாசிச்சுக் குழம்பக்கூடாது. மேல சொன்னது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு. .308 மாதிரி, வெடிமருந்திலை சுடுற போல்ட் ரைஃபிளுக்கு அப்படியே தலைகீழ். அதிலை உதை பின்னுக்கு மட்டும்தான், ஸ்கோப் முன்னுக்கு நழுவப் பார்க்கும். பிக்காட்டினி ரெயிலிலை (குறுக்கு வெட்டுகள் உள்ள ரெயில்) ரிங்கை வைச்சு, குழல்வாய்ப் பக்கமாத் தள்ளி, ரிங்கின்ரை குறுக்குச் சட்டம் வெட்டின்ரை முன்சுவரிலை முட்டினாப் பிறகுதான் இறுக்கோணும்.

ரிங் வாங்கேக்கையும் வடிவாப் பாருங்கோ. பிக்காட்டினி வெட்டின்ரை அகலம் 5.23 மி.மீ., அதே மாதிரி இன்னொரு ரெயில் வகையான வீவருக்கு 4.57 மி.மீ. வீவர் ரிங் பிக்காட்டினியிலை இருக்கும், பிக்காட்டினி ரிங் வீவர் ரெயிலிலை இறங்காது. இது ரெண்டும் 11 மி.மீ. டவ்டெயிலுக்குச் சரிவராது.

பதிவு 4 | மைக்ரோமீட்டர்

11 மி.மீ. என்ற பெயரையும் முழுதாக நம்ப வேண்டாம். 9.5 மி.மீ. ரெயிலையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். டவ்டெயில் சரிவின் கோணமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெர்னியர் வைத்து அகலம் அளந்துவிட்டு மவுண்ட் வாங்குங்கள். கவ்வு மேல் விளிம்பில் மட்டும் கடித்துக்கொண்டிருந்தால் ரெயிலில் மெல்லிய ஒற்றைக் கோடாகத் தடம் விழும். முகம் முழுதும் பதிந்தால் பட்டையாக விழும்.

இப்போது டரட் விஷயம். கோவை நண்பரே, கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். டரட் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எத்தனை கிளிக்? குழல் நடுவிலிருந்து ஸ்கோப் நடுவுக்கு எத்தனை மி.மீ.?

பதிவு 5 | கோவை_177

எண்ணிப் பார்த்தேங்க. மொத்தம் 240 கிளிக். உயரம் 45 மி.மீ.

பதிவு 6 | மைக்ரோமீட்டர்

240 கிளிக் என்றால் 60 எம்.ஓ.ஏ. நடுவிலிருந்து மேலே 30. 20 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. என்பது 5.8 மி.மீ. ஆக 30-க்கு 175 மி.மீ. அத்தனையும் ஏற்றிய பிறகும் 35 மி.மீ. கீழே விழுகிறது. டரட் நடுவில் இருந்திருந்தால் 210 மி.மீ. கீழே விழுந்திருக்கும்.

அந்த 210 எங்கிருந்து வந்தது என்று பிரிப்போம். ஸ்கோப் குழலுக்குமேல் 45 மி.மீ. இருக்கிறது. இரண்டும் இணையாக இருந்தாலே அந்த 45 கீழே. 230 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 20 மீட்டர் போக ஏறத்தாழ 0.09 விநாடி ஆகும், அதற்குள் 41 மி.மீ. விழும். இரண்டும் சேர்ந்து 86. மீதி 124 மி.மீ. குழல் தொங்கல். மடக்கும் ரைஃபிளில் குழல், பூட்டும் இடத்தில் ரெயிலுக்கு இணையாக நிற்காமல் முனை சற்றுத் தாழ்ந்து நிற்பது சகஜம். திறந்த பார்வைக்கு (ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கும் அமைப்பு) அது தெரியாது. அதன் பின்பார்வை, முன்பார்வை இரண்டும் குழல்மேலேயே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

124 மி.மீ.யை 20 மீட்டரால் வகுத்தால் 6.2 மில்லிரேடியன் (ஒரு மீட்டருக்கு 6.2 மி.மீ.), அதாவது 21 எம்.ஓ.ஏ. தொங்கல்.

டரட்டை நடுவுக்குக் கொண்டுவரும்படி ஸ்கோப்பைச் சாய்க்க வேண்டுமென்றால் மொத்த 10.5 மில்லிரேடியனையும் (210-ஐ 20-ஆல் வகுத்தது) மவுண்டே தர வேண்டும். ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. என்றால் பின் ரிங் 1.05 மி.மீ. உயர வேண்டும்.

பலரும் செய்வது, பின் ரிங்கின் கீழ்ப்பாதியில் பழைய கேமரா ஃபிலிம் துண்டோ குளிர்பான அலுமினிய டப்பாத் தகடோ வைப்பது. தகடு சுமார் 0.1 மி.மீ., ஃபிலிம் அதைவிடச் சற்றுத் தடிமன். ஒன்றிரண்டு அடுக்கு பரவாயில்லை. 1 மி.மீ.க்குப் பத்து அடுக்கு வைத்து இறுக்கினால் ரிங்குகள் ஒரு கோட்டில் நிற்க, குழாய் வேறு கோட்டில் நிற்கும். குழாய் வளையும். அதனால் பின்பக்கம் உயர்த்திச் செதுக்கிய தொங்கல் ஈடுகட்டும் மவுண்டோ, ரிங்குக்குள் கோள வடிவ பிளாஸ்டிக் உள்வளையம் வைத்ததோ வாங்குங்கள். உள்வளையம் குழாயின் சாய்வுக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்ளும்.

டரட்டைக் கடைசி வரை ஏற்றி விட்டுவைப்பதில் இன்னொரு கேடு இருக்கிறது. உள்ளே குறுக்குக்கோட்டைச் சுமக்கும் உள்குழாயை டரட் ஸ்க்ரூ ஒரு பக்கம் தள்ளுகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்குகிறது. மேலே ஏற்ற ஏற்ற ஸ்பிரிங் தளரும். எல்லையில் அழுத்தமே இல்லாமல் உள்குழாய் ஒவ்வொரு உதைக்கும் ஆடும். தாளில் பெல்லட்கள் விழும் கூட்டம் காரணமில்லாமல் மேலும் கீழும் அலைகிறது என்று பெல்லட்டைக் குறைசொல்வார்கள். கோளாறு இங்கே இருக்கும்.

பதிவு 7 | சிறுவாணி

இன்னும் வலுவான ஸ்பிரிங் போட்டு வேகத்தை ஏத்தினா விழுற அளவு குறையுமே? மவுண்ட் மாத்த வேண்டியதில்லையே?

பதிவு 8 | மைக்ரோமீட்டர்

மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். வீழ்ச்சி 41 மி.மீ. மட்டும். வேகம் பத்து சதவீதம் கூடினால் அதில் 7 மி.மீ. குறையும். தொங்கலின் 124 அப்படியே இருக்கும். உதை கூடும், நழுவல் கூடும். தவிர, இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ குழல் 4.5 மி.மீ. விட்டத்தைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இப்போது நண்பரின் ரைஃபிள் 14 ஜூல் அளவை ஒட்டி இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம்.

பதிவு 9 | தூக்குக்குண்டு

சாய்வுக்கு வருகிறேன். நிமிர்த்தி வைத்தாலும் முறுக்கும்போது சாய்வதற்குக் காரணம், ஒரு பக்க ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போவது. ரிங் மூடி கடைசியாக இறுக்கும் பக்கம் இழுபடும், குழாயும் அதோடு உருளும்.

வாங்க வேண்டியவை: இன்ச்-பவுண்ட் அளவில் டார்க் திருப்புளி (முறுக்கு விசையை அளந்து இறுக்குவது, 10 முதல் 65 வரை காட்டுவது போதும்), தலை தேயாத நல்ல பிட்டுகள், தூக்குக்குண்டு, கொத்தனார் நூல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சைக்கிள் கடையில் கிடைக்கும் 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் கிளிக் ரிஞ்ச் ரிங் ஸ்க்ரூவுக்கு ஆகாது. நமக்கு வேண்டியது 2-ஐ ஒட்டிய அளவு, அந்த வகைக் கருவி தன் எல்லையின் அடிப்பகுதியில் நம்பத்தக்கதல்ல.

வேலை இப்படிப் போகட்டும்.

குழலை மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் வைஸில் வைக்கவே கூடாது. வைஸ் வாயில் ரப்பரோ தடித்த தோலோ வைத்து மரக்கட்டையின் முன்பகுதியைப் பிடியுங்கள். சிலிண்டரைக் கவ்வினால் நசுங்கும்.

ஸ்கோப்பின் கண்பக்க லென்ஸை முதலில் சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவரை நோக்கிவைத்து, சட்டென்று பார்த்த முதல் பார்வையிலேயே குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். நீண்டநேரம் உற்றுப் பார்த்தால் கண்ணே தன்னைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றும். பிறகு பேரலாக்ஸ் வளையத்தை 20 மீட்டருக்கு வையுங்கள்.

டரட்டை நடுவில் கொண்டுவாருங்கள். ஒரு முனையை மெதுவாகத் தொட்டு, அங்கிருந்து 120 கிளிக். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அட்டைப்பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் வி வடிவத்தில் வெட்டி, அதில் ஸ்கோப்பைக் கிடத்தி, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி உருட்டுங்கள். குறுக்குக்கோட்டின் மையம் வட்டம் போட்டால், வட்டத்தின் பாதி அளவுக்கு டரட்டைத் திருத்தி மறுபடி உருட்டுங்கள். மையம் அசையாமல் நின்றால் அதுதான் உண்மையான நடு.

மவுண்டைப் பொருத்தி, ஸ்கோப்பைக் கீழ்ப்பாதியில் கிடத்தி, மூடியைத் தளர்வாகப் போடுங்கள். ரிங் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். டரட் பெட்டிக்கும் குழாய் விரியும் இடத்துக்கும் ரிங் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும். விரியும் சரிவில் ரிங் ஏறினால் குழாய் நசுங்கும்.

கண் தூரத்தை (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி) 12 மடங்கில் வைத்துப் பாருங்கள். அந்த உருப்பெருக்கத்தில்தான் கண் நிற்க வேண்டிய இடம் மிகக் குறுகலாக இருக்கும். கண்ணை மூடி, வழக்கம்போல் கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் திறங்கள். வட்டத்தின் விளிம்பில் கறுப்பு நிழல் இல்லாமல் முழுப்படம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள்.

இப்போது 20 மீட்டரில் நூலைத் தொங்கவிடுங்கள். குண்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும், காற்றில் ஆடாது. ரைஃபிளின் ரெயிலுக்குக் குறுக்கே ரசமட்டத்தை வைத்து ரைஃபிளை நிறுத்துங்கள். பிறகு ஸ்கோப்பை உருட்டி, நெடுங்கோடு நூலின் மேல் படியும்படி வையுங்கள். கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கால் சுற்றுக்குக் குறைவாக, மூலைக்கு மூலை மாற்றி முறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலைப் பாருங்கள். மூடியின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் தகடு (தடிமன் குறித்த மெல்லிய தகடு) ஒன்றை இரு பக்கமும் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிவில் அலுமினிய ரிங் மூடி ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், அதாவது 1.7 முதல் 2.0 நியூட்டன் மீட்டர். ரெயில் பிடிப்புக்கு மவுண்டோடு வந்த தாளில் உள்ள எண். இதற்குப் பொதுக் கணக்கு கிடையாது, மவுண்டுக்கு மவுண்ட் வேறுபடும்.

சில மவுண்டுகளில் ஒரு பக்கத்தை உலோகத்தோடு உலோகம் ஒட்டும்வரை முதலில் இறுக்கச் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு மேலே சொன்ன சம இடைவெளி பொருந்தாது. தாளைப் படியுங்கள்.

பதிவு 10 | நேர்கோடு

நூல் கட்டுவதெல்லாம் எதற்கு? ரெயிலில் ஒரு ரசமட்டம், டரட் மூடியின் தலையில் ஒரு ரசமட்டம், இரண்டு குமிழியும் நடுவில் வந்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

பதிவு 11 | தூக்குக்குண்டு

டரட் மூடியின் தலை, மரையில் ஏறி நிற்கும் ஒரு மூடி. அதற்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கோட்டுக்கும் செங்கோணம் இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஒரு டிகிரி வேறுபாடு சாதாரணமாக இருக்கும். நீங்கள் குறிபார்ப்பது மூடியை வைத்து அல்ல, கோட்டை வைத்து. கோட்டைப் புவியீர்ப்பு காட்டும் நேரோடு ஒப்பிட நூலைவிட நம்பகமான பொருள் இல்லை.

அடித்தட்டு மட்டமாக உள்ள ஸ்கோப்பில், தட்டுக்கும் ரெயிலுக்கும் நடுவே ஃபீலர் தகடுகளை அடுக்கிச் சமன்செய்யும் வழியும் உண்டு. அதுவும் பெட்டியைச் சமன்செய்கிறது, கோட்டை அல்ல. முதல்கட்ட அமைப்புக்கு நல்லது, கடைசிச் சோதனை நூல்தான்.

பதிவு 12 | நேர்கோடு

சரி, கோடு நூலோடு ஒத்துப்போகிறது என்று வைப்போம். ஆனால் ரைஃபிளுக்கு ஸ்கோப் இரண்டு மூன்று டிகிரி உருண்டிருந்தால்? அதுவும் தவறுதானே. இரண்டில் எது பெரிய தவறு?

பதிவு 13 | மைக்ரோமீட்டர்

நல்ல கேள்வி. எண்ணில் சொல்கிறேன், 3 டிகிரி என்று வைத்துக்கொண்டு. தூரம் அதிகமாக இருந்தால்தான் வேறுபாடு தெரியும் என்பதால் .308-ஐ எடுக்கிறேன். ஸ்கோப் உயரம் 50 மி.மீ., 100 மீட்டரில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி டரட்டைச் சரிசெய்தது).

ஸ்கோப் ரிங்குக்குள் 3 டிகிரி உருண்டிருக்கிறது, சுடுபவர் கோட்டை நூல்போல் நேராக வைத்துச் சுடுகிறார். அப்போது குழல் பார்வைக்கோட்டுக்கு நேர்கீழே இல்லாமல் 50 × 0.052 = 2.6 மி.மீ. பக்கவாட்டில் இருக்கும். 100 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டால், 500 மீட்டரில் அது நான்கு மடங்காகி எதிர்ப்பக்கம் 10 மி.மீ. வரும். யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவு.

ஸ்கோப் ரைஃபிளோடு அழகாக ஒத்திருக்கிறது, ஆனால் சுடும்போது கோடு புவியீர்ப்பிலிருந்து 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. 500 மீட்டருக்கு 4 மில் (மில்லிரேடியன்) ஏற்றுகிறார் என்றால் அங்கே அது 2 மீட்டர் ஏற்றம். அந்த 2 மீட்டரும் சாய்வான பாதையில் ஏறுவதால் 105 மி.மீ. பக்கம் போகும். பத்து மடங்கு.

ஏர் ரைஃபிளிலும் இதே விதி. 20 மீட்டர் ஜீரோவில் 50 மீட்டருக்கு 13 செ.மீ.யை ஒட்டி ஏற்றிப் பிடித்தால் 3 டிகிரிக்கு 7 மி.மீ. பக்கம் விலகும். காற்று என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே கோடு புவியீர்ப்போடு ஒத்துப்போவது முதல் கடமை. ரைஃபிளோடு ஒத்துப்போவது தோளில் வசதியாக உட்காருவதற்கு.

கோட்டை நூலில் வைத்த அதே நிலையில், ஸ்கோப் குழாயில் மாட்டும் சிறு குமிழி மட்டத்தைப் பொருத்தி, குமிழியை நடுவில் நிறுத்தி இறுக்குங்கள். பிறகு களத்தில் குமிழியே நூல்.

இன்னொரு சோதனை, ஒரு பெல்லட்டும் செலவில்லாமல். ரைஃபிள் வைஸில் அசையாமல் இருக்க, நூலின் கீழ்ப்பகுதியில் மையத்தை வைத்து டரட்டை முழு எல்லைக்கும் ஓட்டுங்கள். 60 எம்.ஓ.ஏ.க்கு 20 மீட்டரில் 35 செ.மீ. பயணம். மையம் நூலை விட்டு விலகாமல் ஊர்ந்தால் கோடும் டரட்டும் ஒத்துப்போகின்றன. நெடுங்கோடு நூலுக்கு இணையாகவே இருந்தும் மையம் 6 மி.மீ. விலகினால், உள்ளே கண்ணாடி ஒரு டிகிரி திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. டரட் திருப்பிச் சுடுபவர் பயணத்தை நூலோடு ஒட்டவைக்க வேண்டும், கோட்டுப் புள்ளிகளை வைத்து ஏற்றிப் பிடிப்பவர் கோட்டை ஒட்டவைக்க வேண்டும். இரண்டு டிகிரிக்குமேல் வேறுபட்டால் அந்த ஸ்கோப்பைத் திருப்பிக்கொடுங்கள்.

பதிவு 14 | நேர்கோடு

பத்து மடங்கு என்பதை எதிர்பார்க்கவில்லை. மூடியில் ரசமட்டம் வைத்தது முதல்கட்டத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்க்ரூ கழலாமல் இருக்க நீல லாக்டைட் பசை எல்லாவற்றுக்கும் போடலாமா?

பதிவு 15 | தூக்குக்குண்டு

ரிங் மூடி ஸ்க்ரூவுக்கு வேண்டாம். திரவம் மரையில் இருக்கும்போது எண்ணெய்போல் வழுக்கும். அதே 18 இன்ச்-பவுண்டுக்கு ஸ்க்ரூ கூடுதலாக இறங்கி, குழாயை அதிகமாக நசுக்கும். மரையைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்த நிலையில் சரியான டார்க் கொடுத்தால் கழலாது. ரெயிலை ரிசீவரோடு (துப்பாக்கியின் நடு உலோக உடல்) பிணைக்கும் அடித்தள ஸ்க்ரூவுக்குப் போடலாம். சிறு ஸ்க்ரூவுக்கென்றே உள்ள ஊதா லாக்டைட் 222 போதும், ஒரு சொட்டு.

ரிங்கை எமரிப் பசை போட்டுத் தேய்த்துச் சமன்செய்வது பற்றி யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த இரண்டு தனி ரிங்குகளுக்கு அது பயன்படும். நேர் எஃகுத் தண்டில் 320 கிரிட் பசை தடவி, முன்பின் இழுத்து, உள்முகத்தில் முக்கால்வாசிப் பரப்பு மங்கலாகும்போது நிறுத்த வேண்டும். முழுப்பரப்பும் மங்கும்வரை போனால் ரிங் பெரிதாகி, மூடி ஒட்டிக்கொண்டும் குழாய் சுழலும். பசைத் துகள் ஒன்று மிச்சமிருந்தாலும் குழாயைக் கீறும், ஆல்கஹாலில் கழுவுங்கள். ஒற்றைத் துண்டு மவுண்டுக்கும் பிளாஸ்டிக் உள்வளையம் உள்ளதற்கும் தேய்க்கவே கூடாது.

கூர்முனைத் தண்டுகள் இரண்டை ரிங்குகளில் வைத்து, முனைகள் தொட்டால் நேர்கோடு என்று சொல்லும் கருவியையும் நம்பாதீர்கள். இரண்டு தண்டும் கோணலாக இருந்துகொண்டே முனைகள் தொட முடியும். தட்டை முனைத் தண்டுகளாக இருந்தால் முகத்தோடு முகம் ஒட்டுகிறதா, விரலில் படி தட்டுகிறதா என்று தெரியும்.

பதிவு 16 | டொராண்டோ_308

போல்ட் ரைஃபிள்காரருக்கு நாலு விசயம்.

ரெமிங்டன் 700 மாதிரி ரிசீவரிலை ரெயிலைப் பூட்டேக்கை முதல்ல முன் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிப்போட்டு, பின்பக்கம் ரெயிலுக்கும் ரிசீவருக்கும் நடுவிலை ஃபீலர் தகடு போகுதோ எண்டு பாருங்கோ. 0.05 மி.மீ. தகடு லேசாப் போனா, ரெயில் இறுக்கேக்கை வளையும், அந்த வளைவு ஸ்கோப்புக்கும் போகும். பின்பக்கத்துக்கு எப்பொக்சி வைச்சு, ரிசீவரிலை ஒட்டாமல் மெழுகு பூசி, முன் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி ஒரு நாள் காயவிடுங்கோ. பிறகு பின் ஸ்க்ரூக்கள்.

ரெயிலைப் பூட்டுற அந்த 6-48 அளவு ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமானதை முன் துளைக்குப் போட்டா அடியிலை போல்ட்டின்ரை காதிலையோ குழல் மரையிலையோ தட்டும். ரெயில் பூட்டினவுடனை போல்ட்டைப் போட்டு இழுத்துப் பாருங்கோ, எங்கையாவது பிடிச்சா ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்கோ.

கண் தூரத்தை நவம்பர் மாதத்திலை போடுற தடிச்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கோ. துணியின்ரை தடிப்பு ரைஃபிளை முன்னுக்குத் தள்ளும். படுத்துச் சுடேக்கை தலை முன்னுக்கு வரும். ரெண்டு நிலைக்கும் 90 மி.மீ. கிட்ட இடைவெளி இல்லாட்டி ஸ்கோப் விளிம்பு புருவத்தை வெட்டும்.

போல்ட்டைக் கழட்டி, குழலுக்குள்ளாலை 25 மீட்டரிலை இருக்கிற வட்டத்தைப் பார்த்து நடுவிலை வைச்சுக்கொண்டு, ரைஃபிளை அசைக்காமல் டரட்டைத் திருப்பிக் கோட்டையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவந்தா முதல் குண்டே தாளிலை விழும். மடக்கிற ஏர் ரைஃபிளிலை இந்த வழி சரிவராது, மடக்கினா குழலும் ஸ்கோப்பும் வேறை வேறை திசையைப் பாக்கும்.

பதிவு 17 | கோவை_177

எல்லாருக்கும் நன்றிங்க. தொங்கல் ஈடுகட்டுற ஒற்றைத் துண்டு மவுண்ட் போட்டாச்சு, ஊசி துளையோட பின்சுவர்ல முட்டி நிக்குது. ரிங் ஓரத்துல குழாய் மேலயும் ரெயில் மேலயும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு இழுத்து விட்டேன். 100 பெல்லட் போயும் கோடு உடையலைங்க. ஜீரோ ஆனப்ப டரட் நடுவுல இருந்து 14 கிளிக் தள்ளிதான் இருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும். உருப்பெருக்க வளையம் முன்னைவிட இறுக்கமா சுத்துது. பின் ரிங்கை 22 இன்ச்-பவுண்ட் வரைக்கும் இறுக்கியிருந்தேன், மவுண்ட் தாள்ல 16னு போட்டிருக்கு.

பதிவு 18 | மைக்ரோமீட்டர்

அந்த இறுக்கம்தான் அடையாளம். வளையத்துக்கு அருகே குழாய் நசுங்கினால் உள்ளே நகரும் லென்ஸ் தாங்கி உரசும். டரட் பக்கம் நசுங்கினால் கிளிக் மொத்தையாக, சத்தமில்லாமல் வரும். நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மெதுவாகத் தளர்த்தி, வளையம் இலகுவாகிறதா என்று பாருங்கள். இலகுவானால் குழாய் பிழைத்தது, நூலைத் தொங்கவிட்டு மறுபடி 16-க்கு இறுக்குங்கள். தளர்த்திய பிறகும் இறுக்கமாகவே இருந்தால் ரிங் இருந்த இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டும்.

ஜீரோவுக்கு 5 பெல்லட் கூட்டத்தின் நடுவை வைத்துத் திருத்துங்கள், ஒற்றைப் பெல்லட்டைத் துரத்த வேண்டாம். 20 மீட்டரில் உங்கள் ஒரு கிளிக் 1.45 மி.மீ. பெல்லட் துளையே 4.5 மி.மீ.

பதிவு 19 | கோவை_177

தளர்த்தினதும் வளையம் லேசாயிருச்சுங்க. நகத்துல எதுவும் தட்டலை. 16-க்கு இறுக்கி, நூல்ல மறுபடியும் பார்த்தாச்சு.

பதிவு 20 | தூக்குக்குண்டு

நல்லது. டார்க் திருப்புளியை எடுத்துவைக்கும் முன் அதன் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கிவிடுங்கள். 16-லேயே விட்டுவைத்தால் உள்ளே ஸ்பிரிங் அழுந்திக் கிடந்து, அடுத்த முறை 16 என்று காட்டுவது 16 ஆக இருக்காது.